தாடை இறுக்கமும் பங்குனிக் காவடியும்

கேள்வி: எனக்கு வயது 46. ரங்கூன் பயின்னவுங் சந்தையில் பருப்பு மொத்த வியாபாரம். பசுண்டாங்கில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் இல்லை. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். போன வருடம் ஒரு கிளினிக்கில் எனக்கு பிரஷர் 150/95 என்றார்கள். மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. காலையிலிருந்து மாலை வரை கடையில் நின்றபடியே இருக்கிறேன், மூட்டையும் தூக்குகிறேன். இதுவே உடற்பயிற்சி ஆகாதா? போதாது என்று நண்பர்கள் சொன்னதால், இரண்டு வாரமாக ஞாயிறுதோறும் கண்டாஜி ஏரிக்கரையில் அவர்களோடு ஓடுகிறேன். ஒரு நாளைக்கு நாலு லப்பேயே (பால் டீ), ஆறேழு கூன்யா (புகையிலை வைத்த வெற்றிலைப் பாக்கு). வீட்டில் ஐந்து பேர். மாதம் ஐந்து வீசை பாமாயில் ஆகிறது. எந்த எண்ணெய் நல்லது என்று என் வீட்டில் கேட்கச் சொன்னாள். வரும் பங்குனியில் அலகு குத்திக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். அதற்குள் இதயத்தைப் பலப்படுத்த என்ன செய்ய வேண்டும்? பி.கு.: சாப்பிட்டுவிட்டு வேகமாக மாடி ஏறினால் நாலாம் மாடி வரும்போது தாடையும் இடது தோளும் இறுகுகின்றன. நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். வாயுதானே?

பதில்:

அன்புள்ள ஐயா,

கடிதம் முடிந்தபிறகு பின்குறிப்பாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயுவுக்கு மாடிக் கணக்கு தெரியாது. அது படுத்தால் வரும், குனிந்தால் வரும், ஏப்பம் விட்டால் குறையும், சில நாள் மணிக்கணக்கில் இருக்கும். உங்களுக்கு வருவது அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே படியில் வருகிறது, நின்றதும் இரண்டு நிமிடத்தில் அடங்குகிறது. இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது வருகிற வலி இப்படித்தான் நடந்துகொள்ளும். நெஞ்சில் வலிக்கவில்லையே என்று நினைக்காதீர்கள். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் தாடை, தோள், இடது கை நரம்புகளும் தண்டுவடத்தில் அக்கம்பக்கத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் இதயத்தின் வலியை மூளை தாடை வலியாக, தோள் வலியாகப் படித்துவிடுகிறது. பல் வலி என்று பல் மருத்துவரிடம் போய் நிற்பவர்கள்கூட உண்டு.

சாப்பிட்டபின் ஏன் அதிகமாக வருகிறது என்றால், செரிமானத்துக்காக ரத்தத்தில் ஒரு பங்கு குடலுக்குப் போகிறது. அந்த வேலையையும் இதயம் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் ஐந்து மாடி ஏறச் சொன்னால், குழாய் குறுகியிருக்கிற இதயம் நாலாவது மாடியிலேயே திணறுகிறது.

இது இதய வலி என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டவில்லை. ஆனால் இல்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை, ஆம் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே மாடி ஏறுங்கள். இரண்டாம் மாடியிலும் நாலாம் மாடியிலும் நின்று, மூச்சு சீரானபிறகு அடுத்த படியில் கால் வையுங்கள்.

மருத்துவரிடம் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள்: எந்த மாடியில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, நின்றால் போகிறதா, அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது. ‘லேசா கேஸ் பிரச்சினை டாக்டர்’ என்று நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போனால், அமில மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். இன்னொன்றும் முக்கியம். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தால் இதயம் சரி என்று அர்த்தமில்லை. வலி இல்லாத நேரத்தில் எடுத்தால், குழாய் குறுகியிருக்கிற பலருக்கும் அது ஒழுங்காகவே காட்டும். நீங்கள் ஏறும்போது வருகிற வலியை, ஏற வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதற்காகவே டிரெட்மில் சோதனை இருக்கிறது. தேவைப்பட்டால் எக்கோ, சிடி ஆஞ்சியோகிராம் என்று மருத்துவர் முடிவு செய்வார். கூடவே கொழுப்பு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனி அபாயமாகவே மருத்துவம் கணக்கில் வைக்கிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை 52 நாடுகளில் நடத்தி 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வும் காட்டியது. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் இருந்தாலும் நம் ரத்தக் குழாய்கள் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

வலி வரும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எழுதித் தந்தால், உட்கார்ந்துகொண்டே வையுங்கள். நின்றபடி வைத்தால் பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அதை அதன் கறுப்புக் கண்ணாடிக் குப்பியிலேயே வைத்திருங்கள். சட்டைப்பையில் காகிதத்தில் மடித்து வைத்தால் வீரியம் போய்விடும். ஆண்மைக்காகச் சந்தையில் சீட்டு இல்லாமல் விற்கிற சில்டெனாஃபில் வகை மாத்திரைகளும் இந்த நைட்ரேட்டும் ஒன்றுசேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். கூச்சப்படாமல் இதை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இனி, காத்திருக்கக் கூடாத நேரம் எது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலும், நாலாம் மாடியில் வந்தது இரண்டாம் மாடியிலேயே வர ஆரம்பித்தாலும், அன்றைக்கே மருத்துவமனை. ஓய்வெடுத்தும் பத்து நிமிடத்தில் விடாவிட்டால், அல்லது குளிர்ந்த வியர்வை, வாந்தி, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால், அதை மாரடைப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஐந்து மாடியை உங்கள் காலால் இறங்கக் கூடாது. செத்துக்கொண்டிருக்கும் தசையிடம் மேலும் வேலை வாங்குவது அது. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும். எந்த நாற்காலி, அக்கம்பக்கத்தில் யார் இரண்டு பேர் என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். உங்கள் பேட்டையில் இலவச ஆம்புலன்ஸ் ஓட்டும் பரஹித (தரும) சங்கத்தின் எண்ணும், அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் எண்ணும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும். மின்சாரமும் சிக்னலும் போகிற ஊரில் ஃபோனுக்குள் மட்டும் எண்ணை வைத்திருப்பது போதாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றுப் புண் ரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கலாம்; முழுதாக விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும்.

பிரஷருக்கு வருவோம். ஒரே ஒரு தடவை, ஒரு கிளினிக்கில் எடுத்த 150/95-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதை ஒரு வருடம் சும்மா விட்டதும் சரியில்லை. முழங்கைக்கு மேலே கட்டும் மின்னணுக் கருவி ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கையை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் அது தப்புக் காட்டும். ஏழு நாள், காலையும் மாலையும் அளக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, கூன்யா, சுருட்டு எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய, இரண்டு பாதமும் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் வெறும் தோலில், இதயத்தின் உயரத்தில் மேசைமேல் கையை வைத்துக் கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு, மீதி ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்தது 135/85-க்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், அதையும் பார்த்து வாங்குங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டு போங்கள். மாத்திரை தந்தால், சரியாகிவிட்டது என்று ஒரு மாதத்தில் நிறுத்தாதீர்கள். சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நாள் முழுக்க நிற்பது உடற்பயிற்சி ஆகாதா? ஆகாது. நிற்கும்போது கால் சலிக்கும், நரம்பு புடைக்கும், ஆனால் இதயத் துடிப்பு பெரிதாக ஏறாது. லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களைப் பற்றி மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் 1953-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே கம்பெனி. உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாள் முழுக்க மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. இதயம் கேட்பது அந்த ஏறி இறங்கும் வேலையை, அதுவும் அன்றாடம்.

ஏன் அன்றாடம் என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தின் தவறு இதில்தான் இருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் போகிறது. இதயத்தின் சொந்தத் தசைக்கு மட்டும் பெரும்பாலும் அது விரியும்போதுதான் ரத்தம் கிடைக்கும். சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்திருக்கும் நேரம் ஏறக்குறைய அரை விநாடி. 120 துடிப்பானால் அது கால் விநாடியாகக் குறைந்துவிடும். வேலை கூடுகிறது, சாப்பிடும் நேரம் பாதியாகிறது. தினமும் நடந்து பழகிய உடலுக்கு அதே மாடியை ஏறக் குறைந்த துடிப்பே போதும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. இந்தப் பழக்கம் வாரங்கள் தொடர்ந்தால் வரும், இரண்டு மூன்று வாரம் விட்டால் தேய ஆரம்பிக்கும். வாரத்தில் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஏழாம் நாள் நண்பர்களுக்கு ஈடுகொடுத்து ஓடினால், பழக்கம் வருவதற்குப் பதில் ஆபத்து மட்டும் வருகிறது. மாரடைப்பைத் தூண்டுகிற காரணங்களில், பழகாத உடலுக்குத் திடீரென்று கொடுக்கும் கடும் உழைப்பும் ஒன்று. உங்கள் நண்பர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குத் தாடை இறுகவில்லை.

மருத்துவர் பார்த்து, நடக்கலாம் என்று சொன்னபிறகு தொடங்குவது இப்படி. முதல் இரண்டு வாரம் சமதரையில் பத்து நிமிடம், காலையும் மாலையும். மூன்றாம் வாரம் பதினைந்து பதினைந்து நிமிடம். ஐந்தாம் வாரத்தில் ஒரு நேரத்தை இருபதாக்குங்கள், எட்டாம் வாரத்துக்குள் ஒரே நடையாக முப்பது நிமிடம் வந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் முப்பது நிமிடம் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான்; 150-லிருந்து 300 வரை என்கிறது. முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுநடை. கடைசி மெதுநடையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் விரிந்திருக்கும் கால் குழாய்களில் ரத்தம் தேங்கி, பிரஷர் இறங்கித் தலைசுற்றும். அப்படி மயங்குவதை இதயக் கோளாறு என்று பயந்து நடையையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேகத்தை எப்படி அறிவது? பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் காவடிச் சிந்து பாட முயன்றால் மூச்சு பற்றக் கூடாது. இன்னொரு கணக்கு, பத்து விநாடிக்குப் பதினேழு காலடி, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 100. நாடியை எண்ணச் சொல்லவில்லை, ஏனென்றால் உங்களுக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை தந்தால் துடிப்பு ஏறாது. அந்த எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறி நடந்துவிடுவீர்கள். நடக்கும்போது இறுக்கம் வந்தால் உடனே உட்காருங்கள், தந்த மாத்திரையை நாக்கடியில் வையுங்கள். அடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். மாத்திரை வைத்தும் ஐந்து நிமிடத்தில் குறையவே இல்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இடமும் நேரமும். கண்டாஜி ஏரிக்கரை நல்ல இடம், அதை விடாதீர்கள், ஓட்டத்தை மட்டும் விடுங்கள். வார நாளில் அங்கே போக முடியாது என்பது தெரியும். காலை பயின்னவுங் போகும் பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்பாகவே விட்டு இறங்குங்கள், மாலை திரும்பும்போதும் அப்படியே. ஜெனரேட்டர் வரிசையாக ஓடும் நடைபாதையையும் லாரி நிற்கும் பக்கத்தையும் விட்டு உள்தெரு வழியாக நடங்கள். அந்தப் புகை நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து குழாயின் உட்சுவரையும் கெடுக்கிறது. பங்குனி சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இப்போது மழைக்காலம், உடைந்த நடைபாதை தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். அதனால் மழை விடாத நாளில் உங்கள் கட்டடத்தின் தரைத்தள வராந்தாவிலேயே நடங்கள். மருத்துவர் சரி என்றபிறகு மாடிப்படியையே பயிற்சியாக்கலாம்: ஒரு மாடி ஏறி, இறங்கி, ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஒன்று. ஐந்து சுற்றில் தொடங்கிப் பத்துக்குப் போங்கள். கைப்பிடியை விடாதீர்கள். இறங்கும்போது முட்டிக்குச் சுமை அதிகம், அதனால் இறங்குவது ஏறுவதைவிட மெதுவாக இருக்கட்டும். கரண்ட் போன இருட்டில் வேண்டாம்.

மூட்டை விஷயம் தனி. மூட்டை தூக்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்: குனிந்து, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, ஒரே தம்மில் தோளில் ஏற்றுகிறார்கள். மூச்சை அடக்கிய அந்த இரண்டு மூன்று விநாடியில் பிரஷர் எகிறிவிடும். ஏற்கெனவே 150 இருப்பவருக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மூட்டையைக் கூலி ஆட்களிடம் விட்டுவிடுங்கள். தசைப் பயிற்சிக்கு வேறு வழி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை வைத்து மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளுவது பத்து முறை, நுனிக்காலில் உயர்ந்து இறங்குவது பதினைந்து முறை. ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. எழும்போதும் தள்ளும்போதும் வாயால் மூச்சை ஊதிக்கொண்டே செய்யுங்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்க முடியாது, அதுதான் எளிய வழி.

டீக்கடைக்கு வருவோம். ஒரு லப்பேயேயில் இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் என்றால் சுமார் 40 கிராம். அதில் பாதிக்கும் மேல் சர்க்கரை, 20 கிராமைத் தாண்டும். நாலு கோப்பைக்கு 80 கிராமுக்கு மேல் ஆகிவிடும். 2,000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீக்கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், பருப்பு வியாபாரத்தில் பாதிப் பேச்சு அங்கேதான் நடக்கும். காலையில் ஒன்று குடியுங்கள், பால் குறைத்துப் போடச் சொல்லி. மீதி மூன்று தடவையும் மேசையில் ஃப்ளாஸ்கில் காசில்லாமல் வைத்திருக்கும் யேன்வேஜான் இருக்கிறதே, அந்தப் பச்சைத் தேயிலைத் தண்ணீரைக் குடியுங்கள். கூட வரும் ஈஜாக்குவேயையும் (எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம்) சமூசாவையும் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது. பசித்தால் பெப்யோ கேளுங்கள்; முளை கட்டி அவித்த பட்டாணி, நார்ச்சத்தும் புரதமும் உள்ளது. மேலே எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கை தானாக ஊற்றிவிடும். மொய்ங்காவும் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) நல்ல காலை உணவுதான், மேலே போடும் பொரியலை விட்டு, குழம்பைக் கடைசிச் சொட்டுவரை குடிக்காமல் இருந்தால். அந்தக் குழம்பில்தான் உப்பு இருக்கிறது.

கூன்யாவைப் பற்றி மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் இருக்கும் புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, பாக்கு துடிப்பை ஏற்றுகிறது, இரண்டும் சேர்ந்து பிரஷரைத் தூக்குகின்றன. ஆறேழு என்றால் விழித்திருக்கும் நேரம் முழுக்க இதயம் அந்த மருந்தில்தான் ஓடுகிறது. புகைக்காமல் மெல்லுவதால் இதயத்துக்குத் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். வாய்ப் புற்றுநோய் வேறு பின்னால் நிற்கிறது. முதல் வாரம் புகையிலை இல்லாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் நாலாகக் குறைத்து, மூன்றாம் வாரம் இரண்டாக்கி, பிறகு நிறுத்திவிடுங்கள். புகையிலை விட்ட முதல் மூன்று நாள் கடினமாக இருக்கும்: தலைவலி, எரிச்சல், தூக்கம் கலைவது, மலச்சிக்கல். இவை நோயில்லை, இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஆசை எழும்பினால் அது ஐந்து நிமிடத்துக்கு மேல் உச்சத்தில் நிற்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்போ கிராம்போ ஏலமோ வாயில் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். பெட்டிக்கடைக்காரரிடம் இனிமேல் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லி வைப்பதும் உதவும்.

உங்கள் வீட்டம்மா கேட்ட எண்ணெய்க் கேள்விக்கு அடுப்படிக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். ஒரு வீசை 1.63 கிலோ. (வீசை நம் சொல்தான், பர்மாவின் தராசில் இன்னும் வாழ்கிறது.) மாதம் ஐந்து வீசை, ஐந்து பேர் என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 54 கிராம் எண்ணெய். அந்த எண்ணெய் மட்டுமே ஏறக்குறைய 490 கலோரி. 20 கிராம் அளவுக்கு இறங்கினால் போதும். அதற்கு ஐந்து பேருக்கு மாதம் இரண்டு வீசைக்குள் அடக்க வேண்டும். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிறைகொழுப்புதான் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. கடலை எண்ணெய் விலை அதிகம் என்று சொல்வார், சரிதான். ஆனால் ஐந்து வீசைக்குப் பதில் இரண்டு வீசை வாங்கினால், விலை இரண்டரை மடங்காக இருந்தாலும் மாதச் செலவு கூடாது. கண்ணெதிரில் ஆட்டித் தரும் செக்கில் வாங்குங்கள், சில்லறையாக ஊற்றித் தருவதில் பாமாயில் கலந்திருக்க இடமுண்டு.

எண்ணெய் எங்கே போகிறது என்றால் கறிக்குழம்பில். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் குழம்பு வெந்தது என்று இந்த ஊர்ச் சமையலில் ஒரு வழக்கம், நம் வீடுகளிலும் அது தொற்றிக்கொண்டது. அதே பக்குவம் வெங்காயத்தை உப்புப் போட்டு மூடி வைத்து, அதன் நீரிலேயே நன்றாக மசித்து வதக்கினாலும் வரும். அடி பிடிக்கும்போது எண்ணெய் ஊற்றாமல் இரண்டு கரண்டி வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். இறக்கியபின் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே வந்து நிற்கும், கரண்டியால் அதை வழித்து எடுத்துவிடலாம். மாத எண்ணெயை இரண்டு போத்தலில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பாதியில் ஒரு கோடு போட்டு வைத்தால், எந்த வாரம் கை நீண்டது என்று கண்ணாலேயே தெரியும். பேஜோ (பருப்புப் பொரியல்) பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைக்க வேண்டாம்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து. மீன் சாறு ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் சுமார் 3.5 கிராம் உப்பு இருக்கிறது. ஙாப்பி (புளிக்க வைத்த மீன் விழுது), கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் இதே கணக்குதான். ஒரு வேளைக்கு இவற்றில் ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு, உப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ. பருப்பு மண்டியில் இருக்கிறவருக்குப் பருப்பு கிடைக்காமல் இல்லை. இடுப்பைக் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளந்து 90 சென்டிமீட்டருக்குள், வீட்டம்மாவுக்கு 80-க்குள் கொண்டுவரப் பாருங்கள். தூக்கம் ஏழு மணி நேரம். குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் உண்டா என்று வீட்டம்மாவிடம் கேட்டு, இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகக் காவடி. பங்குனிக்கு இன்னும் ஆறு ஏழு மாதம் இருக்கிறது, நல்ல அவகாசம். மாசி முதல் வாரத்துக்குள் எந்த இறுக்கமும் இல்லாமல் ஒரு மணி நேரம் நடக்க முடிய வேண்டும். அதன்பின் இரண்டு கிலோ எடையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து பழகி, வாரம் ஒரு கிலோவாகக் கூட்டுங்கள். பங்குனி வெயிலில் தண்ணீர் குடிக்காத விரதம் உங்களுக்கு வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு உடல் நீர் வற்றினால் நின்ற இடத்தில் விழுவீர்கள். விரதம் ஒரு வேளை உணவாக இருக்கட்டும், தண்ணீர் தாராளமாக இருக்கட்டும், மாத்திரை எக்காரணம் கொண்டும் தவறக் கூடாது.

அலகு குத்துவதைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தந்திருந்தால் அலகு குத்திய இடத்தில் ரத்தம் எளிதில் நிற்காது. அதற்காக யாராவது நாலு நாள் மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்த ஒருவர் அப்படி நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. அந்த நிலை வந்தால் அலகை விட்டுவிட்டுக் காவடி மட்டும் எடுங்கள். மருத்துவர் அதற்கும் வேண்டாம் என்றால் பால்குடம் எடுங்கள். முருகன் அதையும் ஏற்றுக்கொள்வான்.

எதை எடுத்தாலும், உங்கள் பின்னால் ஒருவர் கூடவே வர வேண்டும், தண்ணீரும் அந்தக் கறுப்புக் குப்பியும் கையில் வைத்துக்கொண்டு. உங்களுக்கு வலி முதலில் தாடையில்தான் வரும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.